'சொன்னார்' என்ற ஒரு சொல்லுக்காக வாங்கிய அகராதி

கும்பகோணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டுவதுதான் என் வேலையில் பாதி. 'சொன்னார்' வராத வாக்குமூலமே கிடையாது. முதல் ஆண்டு முழுக்க 'ஹி ஸெட் மீ' என்று எழுதினேன். சீனியர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். என்னிடமிருந்த சிறிய ஆங்கில–தமிழ் அகராதியோ 'ஸே', 'டெல்' இரண்டுக்கும் 'சொல்' என்றதோடு நின்றுவிட்டது.

ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியை வாங்கிய அன்று நேராக இந்தச் சொற்களைத்தான் புரட்டினேன். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார்கள். 'ஸே' என்ற வினைக்கு ஆள் செயப்படுபொருளாக வராது. சொன்ன சங்கதிதான் வரும். ஆளையும் சேர்க்க நடுவே 'டு' வேண்டும்: 'ஹி ஸெட் டு மீ'. 'டெல்' ஆளை நேராகவே பற்றிக்கொள்ளும்: 'ஹி டோல்ட் மீ'.

எனக்குக் கண் திறந்தது ஏவலில்தான். 'பணம் கொடுத்ததாகச் சொன்னார்', 'பணம் கொடுக்கச் சொன்னார்'. முன்னது செய்தி, பின்னது கட்டளை. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'சொன்னார்' போதும். முன்னால் நிற்கும் சொல் வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் பின்னதற்கு 'டோல்ட் மீ டு கிவ்' என்று எழுத வேண்டும். வழக்கில் யார் யாரை ஏவினார் என்பதே கேள்வியாக இருக்கும்போது, இதில் தவறினால் வாக்குமூலமே திரிந்துவிடும்.

பொய், உண்மை, கதை ஆகியவற்றுக்கு 'டெல்'. நன்றிக்கும் பிரார்த்தனைக்கும் 'ஸே'. இதற்கு விதி தேடிப் பயனில்லை, எடுத்துக்காட்டுகளைப் படித்துப் பழக வேண்டியதுதான்.

இதைத் தொகுத்த ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த இவரது அகராதியை 1948இல் ஆக்ஸ்போர்டு தன் பெயரில் கொண்டுவந்தது. ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத மாணவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்பதை வகுப்பறையில் கண்டறிந்தவர் அவர். ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று இந்த அகராதி காட்டுவதன் அருமை நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் தமிழ்ப் பொருள் கிடையாது, விளக்கமெல்லாம் ஆங்கிலமே. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள், மிரண்டுவிடும். கடிதமோ மொழிபெயர்ப்போ எழுதிப் பிழைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். தமிழ் அகராதியையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். என் மேசையில் இரண்டும் இருக்கின்றன.