கதை படிக்கும்போது தட்டும் சொற்கள்: அகராதிகளோடு நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நூலகத்தில் நாவல் எடுத்துப் படிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "இந்தச் சொல் அகராதியிலேயே இல்லை" என்பது. உண்மையில் பெரும்பாலும் சொல் இருக்கும். நாம் தேடும் வடிவத்தில் இருக்காது, அவ்வளவுதான். பொழுதுபோக்காகப் படிக்கிறவருக்கு இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்று வாங்குவதானால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் விரிவாக்கிய பதிப்பு, 2020-இல் மூன்றாவது. பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கூடவே எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அந்த வாக்கியம்தான் இதன் பலம்: சொல்லை எந்த இடத்தில் எப்படிப் போடுவார்கள் என்பது பொருளைவிட அதில்தான் தெளிவாகத் தெரியும். ஆனால் பெயரிலேயே 'தற்கால' என்று இருப்பதை மறக்கக் கூடாது. அதியமானைப் பற்றிய சங்கப் பாட்டைப் படித்துவிட்டு அதில் வரும் சொல்லை இதில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பழைய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் பின்னிணைப்பு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். குறை: பல சொற்களுக்குப் பத்துப் பதினைந்து பொருள் வரிசையாக நிற்கும், எது நம் வாக்கியத்துக்கு என்று நாமே பொறுக்க வேண்டும். சொல் வந்த வாக்கியத்தை முழுதாக எழுதி வைக்காதவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

அச்சு அகராதியில் சறுக்கும் இடம் இரண்டு. மெல்லின, வல்லின வரிசை நினைவிருக்கும்; கடைசி ஆறு எழுத்துதான் குழப்பும். ல, வ, ழ, ள, ற, ன என்பது வரிசை. ல-வை அடுத்து ழ, ள என்று புரட்டுகிறவர் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார். இன்னொன்று, புள்ளி எழுத்து முன்னால் வரும். 'பக்கம்' முதலில், 'பகல்' அதற்குப் பின்னால்.

வினைச்சொல்தான் மெய்யான சோதனை. கதையில் 'உழன்றுகொண்டிருந்தவனை' என்று இருக்கும். பின்னாலிருந்து கழற்றிக்கொண்டே வர வேண்டும்: முதலில் 'ஐ', பிறகு 'கொண்டிருந்தவன்', மிஞ்சுவது 'உழன்று'. இதுவும் அகராதித் தலைச்சொல் அல்ல. 'ன்று' என்று முடிந்தால் அடி பெரும்பாலும் 'ல்': உழன்று–உழல், சுழன்று–சுழல், அகன்று–அகல். 'ண்டு' என்று முடிந்தால் பல இடங்களில் 'ள்': மருண்டு–மருள், திரண்டு–திரள், வெருண்டு–வெருள். க்ரியாவில் வினையடிதான் தலைச்சொல், 'உழல, உழன்று' போன்ற வடிவங்கள் அடைப்புக்குறிக்குள் பக்கத்திலேயே இருக்கும். சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். லெக்சிகனில் அடியோடு 'தல்' அல்லது 'த்தல்' ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. தணிந்தது என்றால் தணி-தல், தணித்தது என்றால் தணி-த்தல். கதையில் 'ந்த' வந்ததா 'த்த' வந்ததா என்று பார்க்காமல் போனால் வேறு வினையின் பொருளை எடுத்து வந்துவிடுவோம்.

பெயர்ச்சொல்லில் சிக்கல் புணர்ச்சி, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவது. வல்லினத்துக்கு முன் 'ற்' நின்றால் ல் அல்லது ன் வைத்துப் பாருங்கள்: கற்சிலை–கல், பொற்கொடி–பொன். 'ட்' நின்றால் ள் அல்லது ண்: முட்செடி–முள், மட்குடம்–மண்.

உரையாடலில் பேச்சுத் தமிழ் வரும்போது எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஒரல்–உரல், ஒலக்கை–உலக்கை, எலை–இலை, காத்து–காற்று. கேவுரு என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் அகராதியில் கேழ்வரகு என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் இரு மாவட்டங்களையும் சுற்றி நடக்கும் கதைகளுக்கு ஒரு தனிச் சாவி உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் கலந்தே புழங்கும். பழைய 'ப' கன்னடத்தில் பிற்பாடு 'ஹ' ஆனது: பால்–ஹாலு, பத்து–ஹத்து, புலி–ஹுலி. ஆகவே 'ஹ'-வில் தொடங்கும் சொல் தமிழ் அகராதியில் கிடைக்காவிட்டால் 'ப' போட்டுத் தேடிப் பாருங்கள். 'ஹள்ளி' இப்படித் தேடினால் 'பள்ளி'யில் சிற்றூர் என்ற பொருளோடு நிற்கும். தமிழில் எழுதும்போது அந்த 'ஹ'-வும் உதிர்ந்து 'அள்ளி' ஆகிவிடுகிறது. மாரண்டஅள்ளி பஸ் போர்டைப் பார்த்தாலே தெரியும். பக்கத்துப் பஞ்சப்பள்ளியில் 'பள்ளி' அப்படியே நிற்கிறது. கொங்கு வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த அகராதி ஒன்று உண்டு, அரூர் தரப்புக் கதைகளுக்கு ஓரளவு கைகொடுக்கும். ஓசூர்ப் பக்கத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

செடி, மரப் பெயர்களில் அகராதிகள் கழுத்தறுக்கும். 'ஒருவகை மரம்' என்று முடித்துவிட்டால் அதில் என்ன தெரிந்துகொள்வது? லெக்சிகனில் பல இடங்களில் தாவரவியல் பெயர் இருக்கும். அதை எடுத்துப் படம் தேடுங்கள். பழைய பெயர் மாறியிருக்கலாம். புங்கனுக்கு 'பொங்கேமியா கிளாப்ரா' என்று பழைய நூல்களில் இருப்பது இன்று 'பொங்கேமியா பின்னாட்டா'.

படிக்கும் வேகம் கெடாமலிருக்க, சொல் தட்டிய உடனே அகராதியைத் தூக்கவே கூடாது. ஏ4 தாளைக் குறுக்குவாக்கில் மூன்றாக வெட்டினால் புத்தகக்குறிக்குச் சரியான அளவு. அதிலேயே பக்க எண், சொல், நம் ஊகம் மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே போக வேண்டும். நூலகப் புத்தகத்தில் கோடு போடாமலும் இருக்கலாம். அத்தியாயம் முடிந்தபின், இரண்டாம் முறை வந்த சொற்களையும், தெரியாமல் கதை நகராத சொற்களையும் மட்டும் தேடினால் போதும். ஊகத்தை எழுதாமல் தேடினால் சொல் மனதில் தங்காது. பக்கத்துக்கு ஐந்தாறுக்கு மேல் தட்டினால் அந்தப் புத்தகத்தைச் சில காலம் ஒதுக்கி வைப்பதே நல்லது. அது பாடமாகிவிடும், பொழுதுபோக்காக இராது.

போனில் படிப்பவர்களுக்குத் தனித் தொல்லைகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இருப்பது பெரும்பாலும் வெறும் படம், சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பில் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேடுபெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். இரண்டுக்கும் கையால் தட்டச்சு செய்வதே எளிய வழி. இன்னொரு பொறி 'ஔ'. பல பக்கங்களில் அது 'ஒ'வும் 'ள'வுமாக இரண்டு எழுத்தாக அடிக்கப்பட்டிருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தகடூரை, அதாவது பழைய தருமபுரியைப் பற்றிப் படித்துவிட்டு ஔவையாரைத் தேடி ஒன்றும் வரவில்லையென்றால், அழித்துவிட்டு விசைப்பலகையில் ஒற்றை எழுத்தாக 'ஔ' அடித்துப் பாருங்கள்.