பாஸ்டிபிளா, கிரிடிலா? அயர்லாந்துக் கிராமத்து சோடா ரொட்டி

மாவு, சமையல் சோடா, உப்பு, மோர். அயர்லாந்துக் கிராமத்து சோடா ரொட்டிக்கு இவ்வளவுதான் வேண்டும். அந்த மண்ணில் விளையும் கோதுமையில் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் குறைவு என்பதால் ஈஸ்ட் ரொட்டிக்கு அது ஒத்துவராது. 19ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் சோடா பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் குறையே தெரியாமல் போயிற்று. வெண்ணெய் கடைகிற வீட்டில் மோருக்குப் பஞ்சமில்லை. அதன் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் மாவு உப்பிவிடும். ஆனால் சுடும் பாத்திரம் மாறினால் ரொட்டியே வேறாகிவிடுகிறது.

வடக்கே அல்ஸ்டரில் கிரிடில்தான் வழக்கம். தோசைக்கல் போன்ற தட்டை இரும்பு அது. மாவை வட்டமாகத் தட்டி நான்காக வெட்டிப் போடுவார்கள். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மெல்லியதாகத் தட்டியாக வேண்டும், நடுவில் திருப்பவும் வேண்டும். கடைசியில் ஒவ்வொரு துண்டையும் நிமிர்த்தி ஓரங்களையும் காட்டிச் சுடுவார்கள். அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும், சிறு தீ போதும். சூட்டோடு வெண்ணெய் தடவினால் அருமை. மறுநாள் வறண்டுவிடும், அப்போது கொழுப்பில் பொரித்து முட்டையோடு சாப்பிடுவார்கள்.

தெற்கிலும் மேற்கிலும் அந்தக் காலத்தில் பாஸ்டிபிள். மூடியுள்ள கனமான வார்ப்பிரும்புச் சட்டி, மூன்று குட்டைக் கால்கள். திறந்த அடுப்பில் கொக்கியில் தொங்கவிட்டு, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் (peat) எனும் எரிமண்ணின் கங்குகளை மூடிமேலும் அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் ஒருசேரச் சூடு, மாவிலிருந்து எழும் ஆவியும் உள்ளேயே தங்கும். அதனால்தான் முழுக்கோதுமை ரொட்டி கனமாக, மொறுமொறுத்த மேலோடும் ஈரம் மாறாத உள்ளுமாக வருகிறது. மேலே போடும் சிலுவைக் கீறல் நாட்டுப்புறக் கதைகளில் வரும் குறும்புத் தேவதைகளை வெளியேற்ற என்பார்கள். கனமான உருண்டையின் நடுப்பகுதி வேகவும் அது உதவும். கங்குகளை அளந்து வைக்கக் கைப்பழக்கம் வேண்டும், அதுதான் சிரமம்.

வெள்ளை மாவுக்குக் கிரிடில் பொருத்தம். முழுக்கோதுமை மாவுக்கு நான் தயங்காமல் பாஸ்டிபிள்தான் சொல்வேன், மாவின் மணம் அதில்தான் முழுதாகத் திறக்கிறது. இன்றைய அடுப்பங்கரையில் மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டியை ஓவனில் 220 டிகிரியில் நன்றாகச் சூடாக்கி, 450 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி சோடா, ஏறக்குறைய 400 மில்லி நீர் சேர்க்காத புளித்த மோர் எடுங்கள். பிசையாமல் கூட்டிச் சேர்த்து உடனே உள்ளே வையுங்கள்; தாமதித்தால் வாயு வீணாகிவிடும். முக்கால் மணி கழித்து அடியில் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம்போல் ஒலித்தால் வெந்துவிட்டது.