தமிழ்99: கைப்பழகினால் விடமாட்டீர்கள்

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-த, ங-க போன்ற இணைகளுக்கும் அப்படியே. எவ்வளவு அழகான யோசனை! ஆங்கில ஒலியில் யோசிக்காமல் தமிழ் எழுத்திலேயே விரல் ஓடுகிறது.

புதியவர்கள் தடுமாறுவது 'தத்துவம்' மாதிரிச் சொற்களில். நேராக அடித்தால் முதல் த-வுக்கே புள்ளி விழுந்துவிடும். த, அ, த, த, உ, வ, ம, புள்ளி: இடையில் அ-வைத் தட்டுங்கள், சரியாகிவிடும். கடைசிப் புள்ளி எஃப் விசையில்.

ஐபோனில் கூடவே வருகிறது, தனிச் செயலி வேண்டாம். முதல் சில நாள் வேகம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.