ஐந்து கணினிக்கு ஒரு திரை: எட்டு போர்ட் கேவிஎம் சுவிட்ச்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைமீறியபோது, திருநெல்வேலி ஜங்ஷனில் உள்ள எங்கள் அச்சகத்தின் தரைத்தளத்திலும் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் தரையோடு வைத்திருந்த சிபியுக்களில் இரண்டு மீளவே இல்லை. தப்பியவற்றையும் புதிதாக வாங்கியவற்றையும் மாடிக்கு ஏற்றியபோதுதான் இடப் பிரச்சினை வந்தது. வடிவமைப்பாளர்கள் இருவருக்கும் தனித்தனி மேசை போட்ட பிறகு அந்தச் சிறிய அறையில் இன்னும் ஒரே ஒரு மேசைக்குத்தான் இடமிருந்தது. ஆனால் கணக்கு, கோப்புச் சேமிப்பு, கேமரா, அச்சுத் தகட்டுக்குக் கோப்பு அனுப்புவது, பழைய எழுத்துருக் கோப்புகள் என ஐந்து வேலைகளுக்கு ஐந்து கணினிகள் இருந்தன. அவற்றை ஓர் இரும்பு அடுக்கில் வரிசையாக நிறுத்தி, ஒரே விசைப்பலகை, ஒரே மவுஸ், ஒரே திரை கொண்டு இயக்குவதற்காக எட்டு போர்ட் (கணினிகளைச் செருகும் முனை) கொண்ட, விஜிஏ எனும் பழைய அனலாக் திரை இணைப்பில் இயங்கும் இந்தக் கேவிஎம் சுவிட்சை எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினோம்.

முகப்பில் உள்ள பொத்தான்களை அழுத்தியே கணினிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் பொத்தான்களை மட்டும் நம்பி முதல் பத்து நாள்கள் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், திரைமெனுவைத் திறந்து அமைக்காதவரை இந்தப் பெட்டி பாதிப் பெட்டிதான். மூன்றாம் எண் கணக்கா, கேமராவா என்று யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பெட்டி ஒலியெழுப்பியது. "அண்ணாச்சி, எதைத் தொட்டாலும் பொட்டி கீச்சுன்னு கத்துது" என்று எங்கள் பையன் ஒருநாள் சலித்துக்கொண்டதும், கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டினால் திரையின் மேல் ஒரு கட்டம் விரிகிறது. இதை வரைவது கணினி அல்ல, பெட்டியே வரைகிறது. ஆகவே எந்தக் கணினியிலும் எந்த மென்பொருளும் நிறுவ வேண்டியதில்லை, இணைந்திருக்கும் கணினி அணைந்திருந்தாலும் மெனு வருகிறது. இந்தத் தலைமுறையின் சிறிய விசைப்பலகைகளில் ஸ்க்ரோல் லாக்கே கிடையாது என்பதுதான் முதல் தடை. எங்களிடம் இருந்ததும் அப்படிப்பட்டதே. பழைய பெரிய விசைப்பலகை ஒன்றைத் தேடிப் பிடித்துச் செருகி, மெனுவுக்குள் சென்று, அழைக்கும் விசையைக் கன்ட்ரோல் இரண்டு முறை என்று மாற்றினேன். இரண்டே நாளில் அது தவறு என்று தெரிந்தது. கணக்கு எழுதுபவர் கைப்பழக்கத்தில் கன்ட்ரோலைத் தட்டும்போதெல்லாம் ரசீதின் நடுவே மெனு வந்து நின்றது. மறுபடியும் ஸ்க்ரோல் லாக்குக்கே திரும்பி, கம்பி உள்ள முழு அளவு விசைப்பலகை ஒன்றை வாங்கிவிட்டேன். வயர்லெஸ் விசைப்பலகையைச் செருகிப் பார்த்ததில், எழுத்து விழுந்தது, மெனு மட்டும் வரவில்லை. வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது போர்ட்டுகளுக்குப் பெயரிடுவது. நிர்வாகப் பகுதிக்குச் சென்று ஒவ்வோர் எண்ணுக்கும் பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு பெயர் தரலாம். தமிழ் எழுத்தை இது ஏற்பதில்லை. எனவே 'கணக்கு', 'கேமரா', 'தகடு', 'கிடங்கு', 'பழையது' என்ற ஐந்து சொற்களையும் ஆங்கில எழுத்தில் கூட்டித்தான் அடிக்க வேண்டியிருந்தது. தமிழில் அச்சடிக்கும் இடத்தில் தமிழைக் காட்டத் தெரியாத பெட்டி இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். முதல் தடவை ஐந்து பெயர்களையும் பொறுமையாக அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று எஸ்கேப்பை அழுத்தி வெளியே வந்து பார்த்தால், கடைசியாக அடித்த பெயர் மட்டும் காணவில்லை. ஒவ்வொரு பெயரை அடித்ததும் என்டர் தட்டினால்தான் அது பதிவாகும். எஸ்கேப் என்பது அந்த வரியைக் கைவிடுவது. கையேட்டில் இது ஒரே ஒரு வரியாக, பக்கத்தின் அடியில் இருக்கிறது. பதிவான பெயர்கள் மின்சாரம் போய் வந்தாலும் அழிவதில்லை. யுபிஎஸ் இல்லாமல் ஒரு நாள் முழுக்க அணைத்துவைத்தும் சோதித்துவிட்டேன்.

தானாகச் சுற்றும் வசதியைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மெனுவில் எஃப்7 விசையை அழுத்தினால் பெட்டி ஐந்து விநாடிக்கு ஒரு கணினியாகத் திரையை மாற்றிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் விசைப்பலகையும் மவுஸும் கணினிகளுக்குப் போய்ச் சேராது. தெரியாமல் அதை அழுத்திவிட்ட எங்கள் பையன், எல்லாமே கெட்டுப்போய்விட்டது என்று பயந்து பெட்டியின் மின்இணைப்பையே பிடுங்கிவிட்டான். ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டியிருந்தால் நின்றிருக்கும். விநாடிக் கணக்கையும், எந்தெந்தக் கணினிகளைச் சுற்றுக்குள் சேர்ப்பது என்பதையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால், மதிய உணவு நேரத்தில் கேமராவையும் தகட்டுக் கணினியையும் மட்டும் இருபது விநாடிக்கு ஒருமுறை மாறி மாறிக் காட்டும்படி இப்போது அமைத்திருக்கிறேன். ஒலியை அதே நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். கடவுச்சொல் வசதி இருக்கிறது. ஐந்து பேர் பழகும் இடத்தில் அது தேவைப்படவில்லை.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, உடன் வந்த 1.8 மீட்டர் கேபிள்களில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. அடுக்கின் கடைசியில் இருந்த கணினிக்கு எட்டாததால் ஐந்து மீட்டர் நீளத்தில் மலிவான கேபிள் ஒன்றைப் போட்டபோது, ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்பக்கம் மெல்லிய நிழல் விழுந்தது. அது பெட்டியின் குறை அல்ல, அனலாக் சிக்னலின் இயல்பு. கணினியை அருகில் நகர்த்தியதும் நிழல் போய்விட்டது. இன்னொரு சிக்கல் உண்டு. திரையின் அளவு விவரத்தை இந்தப் பெட்டி தான் இயங்கத் தொடங்கும்போது படித்து வைத்துக்கொண்டு எல்லாக் கணினிகளுக்கும் தருகிறது. திரையை அணைத்து வைத்துவிட்டுப் பெட்டியை முதலில் இயக்கினால் அந்த விவரம் கிடைக்காமல், கணினிகள் 1024க்கு 768 என்ற சிறிய அளவுக்கு இறங்கி, ஐகான்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும். திரை முதலில், பெட்டி அடுத்து, கணினிகள் கடைசியில் என்ற வரிசையை அடுக்கின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

'பழையது' என்று பெயரிட்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்காக மட்டுமே கூட இந்தப் பெட்டியை வாங்கியிருப்பேன். யூனிகோடு முறை பரவுவதற்கு முன் புழங்கிய டாம் எழுத்துருக்களில் செய்த கோயில் நோட்டீசுகளும் திருமண அழைப்பிதழ் வார்ப்புருக்களும் அதில்தான் இருக்கின்றன. ஆனித் தேரோட்டச் சமயத்தில் பழைய நோட்டீஸ் ஒன்றைத் திருத்தித் தரச்சொல்லி யாராவது வந்தால், அதற்கென்று தனித் திரை தேட வேண்டியதில்லை. அந்தக் கணினி விசைப்பலகை இல்லையென்றால் இயங்கத் தொடங்கும்போதே பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் ரகம். திரை வேறொரு கணினியில் இருக்கும்போதும் விசைப்பலகை இருப்பதாகவே இந்தப் பெட்டி அதற்குக் காட்டிக்கொள்வதால், தடையின்றி ஏறிவிடுகிறது.

வடிவமைப்பு வேலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் பார்க்க வேண்டிய திரை நேரடியாகவே இணைந்திருக்க வேண்டும். எப்போதாவது தொட வேண்டிய பல கணினிகளை ஓரிடத்தில் வைத்திருக்கும் அச்சகம், பள்ளி ஆய்வகம், தணிக்கையாளர் அலுவலகம் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் சொல்வேன், மெனுவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்றால்.

கடையை அடைக்கும் முன் இப்போது நான் செய்வது ஒன்றுதான். மெனுவை அழைத்துப் பட்டியலைப் பார்க்கிறேன். இயங்கும் கணினியின் பெயருக்கு அருகில் சூரியன் போன்ற சிறிய குறி இருக்கும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 'கணக்கு' அருகே அந்தக் குறி மறையாமல் இருந்தது. அணைத்த பின்னும் யுஎஸ்பி வழியே மின்சாரம் தந்துகொண்டிருந்த மதர்போர்டே அதற்குக் காரணம். பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில், அணைந்த நிலையில் மின்சாரத்தைக் குறைக்கும் இஆர்பி (ErP) என்ற அமைப்பை இயக்கியதும் அந்தச் சூரியனும் அணைந்தது.