லக்கி லூக்கை எதுல பாக்கலாம்? டெய்ஸி டவுன் கார்ட்டூன், டெரன்ஸ் ஹில், ழான் துஜார்தன் - ஒரு அலசல்

நிழலை விட வேகமா சுடுற காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக். காமிக்ஸ் படிச்சு முடிச்சவங்க அடுத்து கேக்குறது இதுதான், லக்கி லூக் படமா வந்திருக்காமே, எதைப் பாக்குறது? என் வரிசையை முதல்லயே சொல்லிடுறேன். 1971ல வந்த 'டெய்ஸி டவுன்' கார்ட்டூன் முதல்ல, அதுக்கு ஒரு மயிரிழை பின்னாடி 1978ல வந்த 'டால்டன்களின் பாலட்' கார்ட்டூன், அப்புறம் 1983 டிவி சீரியல். மத்தது எல்லாம் மூடைப் பொறுத்து. ஆள் வச்சு எடுத்த படங்கள்ல டெரன்ஸ் ஹில் நடிச்சதை ஒரு தடவை பாக்கலாம், துஜார்தன் நடிச்சதை அவருக்காக மட்டும் பாக்கலாம், 2004ல வந்ததைப் பாக்காமலே இருக்கலாம்.

ஏன் இந்த வரிசைன்னு சொல்லணும்னா காமிக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பேசியாகணும். லக்கி லூக்கை உருவாக்கி வரைஞ்ச மோரிஸ் பெல்ஜியத்துல கோர்ட்ரைக்ல பொறந்தவர், முழுப்பேரு மோரிஸ் தெ பெவெர். காமிக்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி அனிமேஷன் ஸ்டுடியோல வேலை பாத்தவர், அதனாலதான் அவரோட ஆளுங்க கோடு கோடா இருந்தாலும் அசையுற மாதிரியே இருப்பாங்க. 1946 டிசம்பர்ல 'ஸ்பிரு'ங்கிற காமிக்ஸ் பத்திரிகையோட சிறப்பு மலர்ல லக்கி லூக் முதல் தடவையா வந்தாரு. ஆரம்பத்துல கதையும் மோரிஸே எழுதினாரு, ஜாலியா இருக்கும் ஆனா ஆஹா ஓஹோன்னு இருக்காது. அமெரிக்கால இருந்தப்போ ரெனே கோசினி பழக்கமானாரு, 'ஆஸ்டெரிக்ஸ்' காமிக்ஸ் எழுதின அதே கோசினிதான், 1955ல இருந்து 1977ல சாகுற வரைக்கும் அவர்தான் கதை. இன்னிக்கு நாம லக்கி லூக்னு நினைக்கிற அத்தனையும் இந்த இருபத்து சொச்சம் வருஷத்துல வந்ததுதான்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், ஹீரோவுக்கு கதையே கிடையாது. அப்பா அம்மா யாரு தெரியாது, சொந்த ஊரு தெரியாது, காதல் கிடையாது, கோபம்கூட பெருசா வராது. கண்ணு ரெண்டு புள்ளி. கதை முடிஞ்சா குதிரை மேல உக்காந்து சூரியன் மறையுற பக்கம் போயிடுவாரு. காமெடி முழுக்க அவரைச் சுத்தி இருக்குறவங்க கிட்டதான் இருக்கு, எதுக்கெடுத்தாலும் பயப்படுற ஊர்க்காரங்க, யாராவது துப்பாக்கி எடுத்தா டேப்பை எடுத்துட்டு அளவெடுக்க வர்ற வெட்டியான், எஜமானை விட புத்திசாலியா பேசுற அவரோட குதிரை ஜாலி ஜம்பர், உலகத்துலயே மக்கு நாயான ரின்டின் கேன், எல்லாருக்கும் மேல கொள்ளைக்கார டால்டன் சகோதரர்கள்.

டால்டன் விஷயம் தனி சுவாரஸ்யம். நிஜ டால்டன் சகோதரர்கள் நாலு பேரை மோரிஸ் 50கள் ஆரம்பத்துல ஒரு கதைல கொண்டுவந்து அந்தக் கதையிலயே சாகடிச்சும் விட்டாரு. அப்புறம்தான் அடடா நல்ல பார்ட்டிங்களை வீணாக்கிட்டோமேன்னு கோசினியும் அவரும் சேர்ந்து அவங்க ஒண்ணுவிட்ட தம்பிங்கன்னு சொல்லி ஜோ, வில்லியம், ஜாக், ஆவ்ரெல்னு புதுசா நாலு பேரை இறக்கினாங்க. குள்ளத்துல இருந்து உயரம் வரைக்கும் படிக்கட்டு மாதிரி நிப்பாங்க, குள்ளன் ஜோவுக்கு மூளையும் ஆத்திரமும், நெட்டை ஆவ்ரெலுக்கு பசி மட்டும். ஜோ பல்லைக் கடிச்சு குதிக்கிறப்போ லக்கி லூக் பேசாம சிகரெட் சுருட்டிட்டு இருப்பாரு பாருங்க, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் மொத்த காமெடியும். ஒரு பக்கம் அசையாத ஆளு, ஒரு பக்கம் கொதிக்கிற ஆளு. இதுல ஒண்ணு போனாலும் இன்னொண்ணு சப்புன்னு ஆயிடும். இதை வச்சுத்தான் ஒவ்வொரு படத்தையும் அளக்கப் போறேன்.

முதல்ல டெய்ஸி டவுன், ஏன்னா ஒப்பிட இதை விட வசதியான கேஸ் கிடைக்காது. ஒரே கதை கார்ட்டூனா 1971ல வந்துச்சு, ஆல்பமா, அதாவது முழுக்கதை காமிக்ஸ் புக்கா, 1983ல வந்துச்சு, ஆளுங்களை வச்சு 1991ல டெரன்ஸ் ஹில் டைரக்ட் பண்ணி நடிச்சாரு. ஏற்கனவே வந்த ஆல்பத்தை எடுத்து படமா சுருக்காம, கோசினியும் மோரிஸும் பியர் செர்னியாவும் படத்துக்குன்னே உக்காந்து எழுதின கதை இது, ஆல்பம்தான் பின்னாடி வந்துச்சு. வண்டி கட்டிட்டு போற கூட்டம் பாலைவனத்துல ஒரு டெய்ஸிப் பூவைப் பாக்குது, இங்கயே ஊரு போட்டுடலாம்னு முடிவு பண்ணுது, ஊரு முளைச்ச கையோட ரவுடிங்களும் முளைக்கிறாங்க, லக்கி லூக் வந்து சுத்தம் பண்றாரு, அப்புறம் டால்டன்கள், அவங்க வேலை நடக்கலேன்னதும் செவ்விந்தியர்களைத் தூண்டி விடுறாங்க. அவ்வளவுதான் கதை. ஆனா ஹீரோவே இல்லாம ஊரு உருவாகுறதையே இவ்வளவு நேரம் ரசிச்சு காட்டுறதுக்கு ஒரு தைரியம் வேணும், கோசினிக்கு அது இருந்துச்சு. வெஸ்டர்ன் படங்கள்ல நாம பாத்துப் பாத்து சலிச்ச எல்லாத்தையும், சலூன், ஷெரீஃப் நட்சத்திரம், குதிரைப்படை வர்றது, வரிசையா எடுத்து ஊசி குத்திட்டே போவாரு. பிரஸ்ஸல்ஸ்ல பெல்விஷன் ஸ்டுடியோ பண்ணின அனிமேஷன், இன்னிக்குப் பாத்தா அசைவு கொஞ்சம் முரட்டுத்தனமாதான் தெரியும், ஆனா கோடு மோரிஸ் கோடு. குரல் கொடுத்தவர் மார்செல் பொசுஃபி, அதே 1971ல 'ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்துல ரயில்ல துரத்தப்படுற கொலைகாரனா நடிச்சவர், அந்த வறட்டுக் குரல் அசையாத ஆளுக்கு அம்சமா பொருந்தும். கிளாட் போலிங் மியூசிக் வேற.

இப்போ அதே கதை டெரன்ஸ் ஹில் கையில. 1970ல 'டிரினிட்டி' படத்துல சோம்பேறியா சாஞ்சு கிடந்துட்டே மின்னல் வேகத்துல சுடுற ரோல் பண்ணி உலகம் பூரா ஃபேமஸ் ஆனவர், காகிதத்துல பாத்தா இவரை விட்டா வேற ஆளே இல்லைன்னு தோணும். நியூ மெக்ஸிகோல ஷூட் பண்ணாங்க, அதனால ஊரும் மண்ணும் வானமும் நிஜம். ஜாலி ஜம்பர் கதை சொல்ற மாதிரி வச்சது நல்ல ஐடியா, குரல் ரோஜர் மில்லர், அமெரிக்க கண்ட்ரி பாட்டுக்காரர், குதிரை பேசுறப்போ எல்லாம் படம் கொஞ்சம் நிமிரும். ஆனா பிரச்சினை டெரன்ஸ் ஹில்லோட முகத்துலயே இருக்கு. அந்த நீலக் கண்ணு, அந்தச் சிரிப்பு, பாத்தாலே பாசமா இருக்கு. லக்கி லூக்குக்கு ரெண்டு புள்ளி போதும்னு மோரிஸ் வச்சதுக்கு காரணம் இருக்குல்ல, உள்ள என்ன ஓடுதுன்னு தெரியக் கூடாது. இங்க தெரியுது, நல்ல மனுஷன், ஊர்க்காரங்க மேல அக்கறை, அதனால படம் இதமா இருக்கு, சிரிப்பு வரல. ரான் கேரி ஜோ டால்டனா நடிச்சிருப்பாரு, உயரமும் குதிப்பும் கரெக்டு, ஆனா எதிர்ல இருக்குற ஆளும் புன்னகை பண்ணிட்டே இருந்தா ஜோ யாரைப் பாத்து கொதிக்கிறது? அடுத்து 1992ல இதே டீம் 8 எபிசோட் டிவி சீரியலும் பண்ணாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு பாக்க ஓகே.

இன்னொரு விஷயம், நிழலை விட வேகமா சுடுறது. ஆல்பத்தோட பின் அட்டைல வர்ற படம் ஞாபகம் இருக்கும், லக்கி லூக் சுட்டு முடிச்சாச்சு, நிழல் இன்னும் துப்பாக்கியை எடுத்துட்டு இருக்கு, நிழல் வயித்துல ஓட்டை. நடந்தது, நடக்கப் போறது ரெண்டும் ஒரே கட்டத்துல நிக்குது, கண்ணு ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வந்து சிரிக்குது. படத்துல நேரம் ஓடிட்டே இருக்கும், அதனால அது வெறும் வேகமா ஆயிடும். கார்ட்டூன்ல பாதி தேறும். நடிகனை வச்சு எடுத்தா அது கிராபிக்ஸ், அவ்வளவுதான்.

அடுத்து 1978, 'டால்டன்களின் பாலட்'. கோசினி 1977 நவம்பர்ல இறந்துட்டாரு, படம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு, அவர் பங்குதாரரா ஆரம்பிச்ச இடேஃபிக்ஸ் ஸ்டுடியோல செஞ்சது. தூக்குல போடப்பட்ட மாமா ஹென்றி டால்டன் உயில் எழுதி வச்சிருக்காரு, என்னைத் தூக்குக்கு அனுப்புன ஜட்ஜையும் ஜூரிங்களையும் கொன்னா சொத்து உங்களுக்கு, நீங்க ஒழுங்கா கொன்னீங்கன்னு சாட்சி சொல்ல நேர்மையான ஒரு ஆளு வேணும், அது லக்கி லூக். என்ன ஒரு முடிச்சு பாருங்க! அசையாத ஆளும் கொதிக்கிற ஆளுங்களும் படம் முழுக்க ஒண்ணாவே பயணம் பண்ணணும். நான் மேல சொன்ன அளவுகோல்ல இதுதான் உண்மையில முதல் இடம் வாங்கணும். நடுவுல காளான் சமாச்சாரத்தால டால்டன்கள் கனவு உலகத்துக்குப் போய் ஹாலிவுட் மியூசிக்கல் மாதிரி ஆடுற ஒரு நீள சீன் வரும், அனிமேஷன்காரங்க கட்டு அவுத்து விட்ட மாதிரி விளையாடியிருப்பாங்க, காமிக்ஸ் கட்டத்துல இதை செய்யவே முடியாது. அப்போ ஏன் ரெண்டாவது இடம்னா, ஒவ்வொரு ஜூரியா தேடிப் போறதால கதை பாதிக்கு மேல லிஸ்ட் டிக் அடிக்கிற மாதிரி ஆயிடுது. சண்டை போடுறவங்க போடலாம், மாத்தி வச்சாலும் நான் தடுக்க மாட்டேன்.

1983 டிவி சீரியல் 26 எபிசோட், பிரெஞ்சு கம்பெனிகளோட அமெரிக்காவோட ஹன்னா-பார்பெராவும் சேர்ந்தது. அந்த ஸ்டுடியோவோட சிக்கன அனிமேஷன் தெரியும்ல, அதேதான், ஓடுறப்போ பின்னாடி அதே கள்ளிச்செடி திரும்பத் திரும்ப வரும். ஆனா கதைகள் நேரா கோசினி ஆல்பங்கள்ல இருந்து, அதனால எழுத்து காப்பாத்திடுது. அமெரிக்க டிவிக்காக சிகரெட் போச்சு, வாய்ல புல்லுத் தண்டு வந்துச்சு, மோரிஸ் காமிக்ஸ்லயும் அதையே வச்சுட்டாரு, 1988ல உலக சுகாதார நிறுவனம் அவருக்கு விருது கொடுத்துச்சு. சிகரெட் போனதுல கை சும்மா இருக்குற அந்தத் தோரணை கொஞ்சம் குறைஞ்சது நிஜம், ஆனா குழந்தைங்க படிக்கிற புக்குல இதுக்கெல்லாம் வருத்தப்பட முடியாது.

ஸிலாம் ஸ்டுடியோ பண்ணினது வேற ரகம். நம்ம ஊரு பசங்களுக்கு 'ஆகி அண்ட் த காக்ரோச்சஸ்' தெரியாம இருக்காது, அதே ஸ்டுடியோதான். 2001ல 52 எபிசோட் சீரியல், 2007ல ஒலிவியே ழான்-மரி டைரக்ட் பண்ணின சினிமா. சினிமாவுக்கு மூலம் 60கள்ல வந்த வண்டிக் கூட்டத்து ஆல்பம், நியூயார்க்ல இருந்து கலிஃபோர்னியாவுக்கு 80 நாள்ல போயாகணும்னு கதையை இழுத்து விட்டிருக்காங்க. அந்த 'ஆகி' கார்ட்டூனோட வேகம் அப்படியே இதுலயும் இருக்கு, டால்டன்கள் சுவத்துல மோதி தட்டையாகி எந்திரிச்சு திரும்ப மோதுறாங்க. எட்டு வயசுப் பசங்க கூட உக்காந்து பாத்தா இதுதான் ஜெயிக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா லக்கி லூக்கைச் சுத்தி உலகமே பம்பரமா சுத்துறப்போ அவரு அமைதியா இருக்குறது கண்ணுலயே படல.

கடைசியா ரெண்டு பிரெஞ்சு படங்கள், ரெண்டும் எதிர் எதிர் பக்கமா தப்பு பண்ணினது. 2004ல 'லே டால்டன்', எரிக் - ராம்ஸி காமெடி ஜோடியை ஜோவாவும் ஆவ்ரெலாவும் போட்டு, லக்கி லூக்கா ஜெர்மன் நடிகர் டில் ஷ்வைகரை ஓரமா நிக்க வச்சாங்க. டால்டன்தானே காமெடி, ஹீரோ எதுக்குன்னு யோசிச்சிருப்பாங்க போல. முட்டிக்கிறதுக்கு சுவரே இல்லாம நாலு பேரு கத்திட்டே இருக்குற படம்.

2009ல ஜேம்ஸ் ஹூத் பண்ணினது நேர் எதிரு. அர்ஜென்டினால போய் எடுத்தாங்க, பாக்க அவ்வளவு அழகா இருக்கும், கலரு, உடை, செட்டு எல்லாம் காசு தெரியும். ழான் துஜார்தன் நடை, தொப்பி, கண்ணைச் சுருக்குறது எல்லாம் அச்சு அசல், ரெண்டு வருஷம் கழிச்சு 'தி ஆர்டிஸ்ட்' பண்ணி ஆஸ்கர் வாங்கப் போறவர்னு பாத்தாலே தெரியும். பில்லி த கிட், ஜெஸ்ஸி ஜேம்ஸ், கலாமிட்டி ஜேன்னு நிஜ வெஸ்டர்ன் பிரபலங்க எல்லாரும் வர்றாங்க, டால்டன்கள் மட்டும் இல்ல. அது கூட பரவால்ல, ஹீரோவுக்கு ஃப்ளாஷ்பேக் வச்சாங்க பாருங்க, சின்ன வயசுல அப்பா அம்மா கண்ணு முன்னாடி கொலை, அதனால யாரையும் கொல்ல மாட்டேன்னு சபதம், அப்புறம் ஒருத்தனைக் கொன்னுட்டோம்னு நினைச்சு துப்பாக்கியைக் கழட்டி வச்சுட்டு மனசு உடைஞ்சு போறது. அந்த ரெண்டு புள்ளிக் கண்ணுக்குப் பின்னாடி இவ்வளவு சோகத்தை அடைச்சா, அப்புறம் அவரைப் பாத்து எப்படி சிரிக்கிறது? நடுநடுவுல காமெடியும் போட்டுருக்காங்க, ஆனா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வர்றப்போ ரெண்டு படத்தை மாத்தி மாத்தி பாக்குற மாதிரிதான் இருக்கு. துஜார்தனை வீணடிச்சதுதான் எனக்கு ரொம்ப கடுப்பு.

படமா புக்கான்னு கேட்டா புக்குதான், அதுல எனக்கு ரெண்டாவது யோசனை கிடையாது. சிவகாசில இருந்து லயன் - முத்து காமிக்ஸ் போடுற தமிழ் லக்கி லூக்கை 80கள்ல இருந்து படிக்கிற கூட்டம் இங்க இருக்கு. ஆனா அந்தக் காலத்துல கறுப்பு-வெள்ளைல படிச்ச கதைகளை இப்போ கலர்ல வர்றப்போ திரும்ப ஒரு தடவை படிங்க. மோரிஸ் ஒரு கூட்டம் மொத்தத்தையும் ஒரே சிவப்பாவோ ஒரே நீலமாவோ அடிச்சு விட்டு லக்கி லூக்கை மட்டும் மஞ்சள் சட்டைல நிறுத்துவாரு, யாரைப் பாக்கணும்னு கண்ணுக்கு தானா தெரியும், கறுப்பு-வெள்ளைல அந்த ட்ரிக் முழுக்க காணாம போயிருந்துச்சு. படத்துல ஆரம்பிக்கிறவங்க டெய்ஸி டவுனை பிரெஞ்சுலயே சப்டைட்டில் போட்டுப் பாருங்க, பொசுஃபி குரல் இல்லாம பாத்தா பாதி போச்சு. 2009 படத்தை யாராவது கட்டாயப்படுத்தினா சவுண்டை ம்யூட்ல போட்டு பாத்துக்கலாம், லொகேஷன் நல்லா இருக்கு.