ஆனையிறவுக் காத்துக்கு உயரக் கண்ணாடியா, கட்டைக் கண்ணாடியா?

பரந்தன் தாண்டி ஆனையிறவுக்கு வந்தா ரெண்டு பக்கமும் வெட்டை, சோளகம் (தென்மேற்குக் காத்து) தொடங்கிட்டா இடப்பக்கத்தால வாற காத்து பைக்கைப் பிடிச்சுத் தள்ளும். நான் கிளிநொச்சியில இருந்து யாழ்ப்பாணம் அடிக்கடி போய்வாறனான், என்ர 150 சிசி பைக்கில, காத்தைத் தடுக்க முன்னால பூட்டுற கண்ணாடி இல்லாம, உயரமா, கட்டையா எண்டு மூண்டு விதமாவும் ஓடிப் பாத்திட்டுத்தான் இதை எழுதுறன்.

கண்ணாடியே இல்லாம ஓடேக்க காத்து முழுக்க நெஞ்சிலதான். 35ல ஒண்டும் தெரியாது, 70க்கு வந்தா வேகம் ரெண்டு மடங்குதான் ஆனா காத்துத் தடை நாலு மடங்கு, இயக்கச்சி வரேக்கயே தோள்மூட்டு உளையத் தொடங்கிடும். ஆனா ஹெல்மெட்டில படுறது குழம்பாத காத்து, தலை ஆடாது, இரைச்சலும் ஒரே சீரா இருக்கும்.

அந்த உளைவுக்காகத்தான் உயரக் கண்ணாடி போட்டன். நெஞ்சு தப்பிச்சுது, தலை மாட்டுப்பட்டுது! கண்ணாடிக்குப் பின்னால அமுக்கம் குறையுது, மேல் விளிம்பைத் தாண்டி வாற காத்து அந்தப் பக்கம் இழுபட்டு சுருள் சுருளா உடைஞ்சு ஹெல்மெட்டில டப டப எண்டு அடிக்கும். என்னைவிட அரை அடி கட்டையான மச்சான் அதே பைக்கை ஓடிப்போட்டு சத்தமே இல்லையெண்டான், ஏனெண்டா அவன்ர தலைக்கு மேலால அந்தச் சுருள் போகுது. அப்ப ஆளின்ர உயரத்தைப் பாக்காம கண்ணாடி வாங்கக்கூடாது.

இன்னொண்டு, ஹாண்டிலில பூட்டுற உயரக் கண்ணாடி பக்கக் காத்துக்குப் பாய் மாதிரி, ஹாண்டிலையே திருப்பப் பாக்கும். முன் சில்லையும் மூடின ரேஸ் பைக் பெயரிங்குகளை (பைக்கின்ர முன்பக்கத்தை மூடுற காத்து மறைப்புகளை) 1958ல இருந்து தடை செய்ததுக்கு இந்தப் பக்கக் காத்தும் ஒரு காரணம். 1976ல வந்த பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ், காத்துச் சுரங்கத்தில (விசிறியால காத்தடிச்சுப் பாக்கிற கூடத்தில) சோதிச்சுச் செய்தது, அதில பெயரிங் ஹாண்டிலில இல்ல, பிரேமில பூட்டியிருக்கு.

இப்ப போட்டிருக்கிறது கட்டைக் கண்ணாடி, கீழ ஒரு விரல் நுழையிற இடைவெளி விட்டு. அந்த இடைவெளியால காத்து உள்ள வந்து பின்னால குறையிற அமுக்கத்தை நிரப்பும், சுருளும் குறையும். நெஞ்சில பாதிக் காத்துப் படுது, அது பரவாயில்ல, தலை சுத்தமான காத்தில நிக்குது. எங்கட ரோட்டுக்கு இதுதான் சரி எண்டு அடிச்சுச் சொல்லுவன்.

கடையில வாங்க முதல், வெறும் ரோட்டில மெதுவா ஓடி குனிஞ்சும் நிமிந்தும் பாருங்கோ, எந்த உயரத்தில இரைச்சல் மாறுதெண்டு விளங்கும். பொலிகாபனேட் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) கண்ணாடி எண்டா பெற்றோல் துணியால துடைக்காதேங்கோ, வெடிப்பு விழும், இரவில அப்புற பூச்சியை ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுங்கோ. கறுப்புக் கண்ணாடி போடுறதெண்டா அதுக்கு மேலால ரோட்டைப் பாக்கிற அளவுக்குக் கட்டையா இருக்கவேணும், மாங்குளம் பக்கம் இரவில மாடு ரோட்டிலதான் படுத்திருக்கும்.