இரண்டு வருடமாக, தினம் பத்து எக்ஸ்ரே

ராத்திரி டியூட்டியில் எக்ஸ்ரே ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, செல்போனில் படமெடுத்து, ஆர்த்தோ டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். எலும்பு எக்ஸ்ரே பார்க்க எம்பிபிஎஸ்ஸில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. வைவாவுக்கு நாலு படம் மனப்பாடம், அவ்வளவுதான். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் காசு கட்டி ஓர் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முறை எளிது. படம் வரும். நார்மலா இல்லையா என்று சொல்லி, இல்லையென்றால் முறிந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அப்புறம்தான் விடை. விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். விரல் வைக்கச் சொன்னால்தான் வண்டவாளம் தெரியும். முதல் மாதம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு முறிவைக் கண்டதும் குஷியில் பார்வை நின்றுவிடும், பக்கத்து எலும்பில் இருக்கும் இரண்டாவது முறிவு தப்பிவிடும்.

அதிகம் கற்றுக்கொண்டது முழங்கையில். அங்கே முறிவுக் கோடே தெரியாமல் போகலாம். ஆனால் மூட்டுக்குள் ரத்தம் கட்டினால், எலும்புக் குழிக்குள் ஒளிந்திருக்கும் பின்பக்கக் கொழுப்பு வெளியே தள்ளப்பட்டு, பக்கவாட்டுப் படத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும். அடிபட்ட முழங்கையில் அது தெரிந்தால் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்: பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியல் ஹெட் (முன்கை எலும்பின் தலைப்பகுதி), குழந்தைகளுக்கு சுப்ராகாண்டிலார் (முழங்கைக்குச் சற்று மேலே, மேல்கை எலும்பில்). குழந்தை முழங்கையில் இன்னொரு தலைவலி, குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் மையங்கள் ஆறும் ஒவ்வொரு வயதில் படத்தில் தோன்றும். தோராயமாக 1, 3, 5, 7, 9, 11 என்று கணக்கு. அவற்றில் உட்பக்க எபிகாண்டைல் (மேல்கை எலும்பின் கீழ்முனையில் உட்பக்கப் புடைப்பு) ட்ராக்லியாவுக்கு (அதே முனையில் கப்பி போன்ற பகுதி) முன்பே வந்துவிடும். ட்ராக்லியா தெரிகிறது, உட்பக்கத்துத் துண்டு மட்டும் அதன் இடத்தில் இல்லை என்றால், அது பிய்ந்து மூட்டுக்குள் மாட்டியிருக்கலாம். ட்ராக்லியா என்று நாம் நினைப்பதே அந்தத் துண்டாகவும் இருக்கலாம்! இருபது முறை தப்பாகச் சொன்ன பிறகுதான் இது எனக்குக் கண்ணில் படிந்தது.

இனி குறை. மூன்றாவது மாதம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கால் பிசகி வந்தான். ஐந்தாவது மெட்டாடார்சல், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பின் அடியில் ஒரு கோடு. முறிவு என்று ஸ்லாப் (ஒரு பக்க மாவுக்கட்டு) போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை ஆர்த்தோ டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். எலும்போடு நீளவாக்கில் ஓடினால் அது வளர்ச்சிக் கோடு, குறுக்கே வெட்டினால்தான் முறிவு. "சரி, அந்த இடத்தை அமுக்கிப் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பையனுக்கு வலியெல்லாம் கணுக்காலின் வெளிப்பக்கத்தில்.

பயிற்சியில் பாதிப் படங்கள் உடைந்தவை. கேஷுவாலிட்டிக்கு வரும் பிசகிய கால்களில் பெரும்பாலானவை உடையாதவை. திரையையே பார்த்துப் பழகிய கண் எல்லாவற்றிலும் முறிவைத் தேடுகிறது. 1992-இல் வெளியான ஒட்டாவா கணுக்கால் விதிகள், எங்கே அமுக்கினால் வலிக்கிறது, நாலு எட்டு வைக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் எக்ஸ்ரே வேண்டுமா என்றே முடிவு செய்யச் சொல்கின்றன. நான் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு எக்ஸ்ரே சுத்தம். கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் ஒரு குழி விழுமே, அங்கே தொட்டதும் துள்ளினார். அந்தக் குழியில் இருக்கும் சிறு எலும்பு ஸ்காஃபாய்ட். அதன் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் நின்று எலும்பின் ஒரு பகுதி செத்தும் போகலாம். ஸ்லாப் போட்டேன். "எலும்பு நல்லாருக்குன்னு சொல்லிட்டு கட்டு எதுக்கு சார்?" என்று முறைத்தார். பத்து நாள் கழித்து எடுத்த படத்தில் கோடு பளிச்சென்று இருந்தது. பயிற்சியில் அந்த முதல் படம் வந்திருந்தால் 'நார்மல்' என்று சொன்னவனுக்கு முழு மதிப்பெண்.

இன்னொரு குறை, படங்கள் ரொம்பச் சுத்தம். எங்கள் ஃபிலிமில் மணிக்கட்டு சாய்ந்திருக்கும், வளையல் குறுக்கே நிற்கும், பக்கவாட்டு வியூ பாதி வெட்டுப்பட்டிருக்கும். கட்டணம் டாலரில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருந்தும் விடவில்லை. பிரிட்டனில் 1980-களிலேயே எக்ஸ்ரே எடுப்பவரே சந்தேகமான ஃபிலிமில் சிவப்புப் புள்ளி ஒட்டும் வழக்கம் வந்துவிட்டது. இதை எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் சொன்னேன். மறுநாளே ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்துவிட்டார். டீ நேரத்தில் என் போனில் அவரும் படங்களைத் தொட்டுப் பார்ப்பார். போன வாரம் ஒரு பாத எக்ஸ்ரேவில் பொட்டு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டாவது மெட்டாடார்சல் உள்ஓரமும் நடு கியூனிஃபார்ம் உள்ஓரமும் ஒரே கோட்டுல இருக்கா பாருங்க சார்" என்றார். இல்லை. லிஸ்ஃப்ராங்க் காயம், நடுப்பாதத்தில் அந்த இரண்டு எலும்புகளும் சேரும் இடம் விலகியிருந்தது.

இந்த முறை சந்தாவை இரண்டு பேருக்குக் கட்டியிருக்கிறேன்.